வளைந்த ஒளியில் தெரியும் சாதாரண கேலக்ஸிகள்

ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த, ஏபெல் 370 என்ற கேலக்ஸிக் கொத்துப் படத்தின் மூலக் கோப்பை யார் வேண்டுமானாலும் காப்பகத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வண்ணம் சேர்த்து வெளியிடும் அழகான படத்தைவிட, கறுப்பு வெள்ளையாக இருக்கும் அந்தக் கோப்பைத் திறந்து, வெளிச்ச அளவை ஏற்றி இறக்கிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். நடுவில் ஓரம் மங்கிய பெரிய நீள்வட்டக் கேலக்ஸிகள். அந்தக் கொத்தின் சொந்தக்காரர்கள் அவைதான். அவற்றை ஒட்டி, எதிலும் சேராமல், நீளமாக வளைந்து கிடக்கிறது ஒரு ஒளிப்பட்டை. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பட்டை மறைந்து, உள்ளே இருந்த முடிச்சுகள் மட்டும் தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் பிடிபடும். முடிச்சுகளின் வரிசை ஓர் இடத்தில் முடிந்து, அங்கிருந்து தலைகீழ் வரிசையில் மறுபடி தொடங்குகிறது. ஒரே கேலக்ஸியின் பிம்பங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன.

இந்தப் பட்டைக்கு 'டிராகன்' என்று செல்லப்பெயர். தலைப்பக்கத்தில் ஒரு சுருள் கேலக்ஸியை ஓரளவு அடையாளம் காணலாம். உடல் முழுக்க அதே கேலக்ஸியின் இழுபட்ட பிரதிகள்தான். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் லிண்ட்ஸ், பெட்ரோசியன் இருவரும், பிரான்ஸில் ஜெனிவியெவ் சுகாய் குழுவினரும் வில்லாக வளைந்த இந்தப் பட்டையைக் கவனித்தபோது இது என்னவென்று யாருக்கும் தெளிவில்லை. கொத்துக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம் அல்லவா? 1988-இல் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, நிறமாலை எடுத்துப் பார்த்தார்கள். ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற அளவுதான் செம்பெயர்ச்சி; அது கூடக் கூடத் தூரமும் கூடும். கொத்தின் செம்பெயர்ச்சி 0.37, வில்லின் செம்பெயர்ச்சி 0.725. அப்படியென்றால் அது கொத்துக்கு வெகு பின்னால் இருக்கும் வேறொரு கேலக்ஸி. இடையில் உட்கார்ந்திருக்கும் கொத்தின் நிறை, அதன் ஒளியை வளைத்து நம் பக்கம் திருப்பியிருக்கிறது.

கணக்குப்படி இப்படி நடக்கும் என்பது அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே தெரியும். 1936-இல் ஐன்ஸ்டைன் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். மாண்டல் என்ற ஆர்வலர் விடாமல் நச்சரித்ததால் எழுதியது. ஒரு நட்சத்திரம் இன்னொரு நட்சத்திரத்துக்கு வில்லையாக (லென்ஸாக) அமைவதை நேரில் பார்க்கும் வாய்ப்பே இல்லை என்று அதிலேயே சொல்லிவிட்டார். மறு ஆண்டே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, நட்சத்திரத்தை விடுங்கள், கேலக்ஸிகளைப் பாருங்கள் என்றார். அவை கட்டாயம் வில்லையாகும். பெரிய தொலைநோக்கிக்கும் எட்டாத தூரத்தை அவை காட்டும் என்பது அவர் வாதம். யார் சொன்னது பலித்தது என்பது தெரிந்த கதை. 1979-இல் ஒரே குவேசார் (வெகு தூரத்தில் பளிச்சென்று எரியும் கேலக்ஸி மையம்) 6 வில்விநாடி இடைவெளியில் இரண்டாகத் தெரிந்ததுதான் முதல் சான்று. ஒரு பாகையை 3,600 பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி.

சரி, வரலாறு போதும். இத்தனை பாடுபட்டு வளைந்த ஒளியை ஏன் துரத்த வேண்டும்?

பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். நட்சத்திரங்கள் மிக வேகமாகப் பிறந்த காலம் இன்றைக்கு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய வேகத்தைப் போலச் சுமார் 10 மடங்கு. இன்று நாம் காணும் கேலக்ஸிகளின் நட்சத்திரங்களில் பெரும்பகுதி அந்தக் காலத்தை ஒட்டிப் பிறந்தவை. எப்படிப் பிறந்தன, பெரிய கட்டிகளாகவா சிறு கொத்துகளாகவா, பிறந்தபின் சுற்றியிருந்த வாயுவை என்ன செய்தன என்பதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கேலக்ஸிகளின் உள்ளே பார்த்தாக வேண்டும். அங்கேதான் முட்டுகிறது. ஹப்பிளின் கூர்மை ஏறத்தாழ 0.1 வில்விநாடி. அந்தத் தூரத்தில் அது சுமார் 2,700 ஒளியாண்டு அகலம். நம் பக்கத்தில் நட்சத்திரங்கள் பிறக்கும் பிரபல இடமான ஓரியன் நெபுலாவின் அகலம் 24 ஒளியாண்டு அளவுதான். நமக்கும் அதற்கும் உள்ள தூரமே 1,350 ஒளியாண்டு. அதாவது நம்மையும் ஓரியன் நெபுலாவையும் இடையில் உள்ள அத்தனையையும் சேர்த்து ஒரே புள்ளிக்குள் அடைத்துவிடும் கூர்மை அது. அதை வைத்துக்கொண்டு பிரசவ அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது.

வில்லை இங்கே செய்வது என்ன என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈர்ப்பு, ஒளியை உண்டாக்குவதில்லை. ஒரு சதுர வில்விநாடிக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற அளவையும் அது மாற்றுவதில்லை. பிம்பத்தின் பரப்பைத்தான் கூட்டுகிறது. பரப்பு 30 மடங்கானால் நமக்கு வந்து சேரும் மொத்த ஒளியும் 30 மடங்காகிறது. எனவே ஒரே நேரத்தில் இரண்டு லாபம்: கூடுதல் விவரம் தெரிகிறது, நிறமாலை எடுக்கத் தேவையான அளவு ஒளியும் கிடைக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. படங்கள் பத்திரிகைக்குப் போகின்றன. இயற்பியல் நிறமாலையில்தான் கிடைக்கிறது.

சிபி58 என்ற கேலக்ஸியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1996-இல் அது தென்பட்டபோது எல்லோருக்கும் ஆச்சரியம். செம்பெயர்ச்சி 2.7. ஒளி புறப்பட்டு 1,100 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு தூரத்துக்குப் பொருந்தாத வெளிச்சம். அசுரத்தனமான ஒரு கேலக்ஸி என்று நினைக்கத்தான் தோன்றியது. முன்னால் இருந்த கொத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது குட்டு வெளிப்பட்டது: அது சுமார் 30 மடங்கு பெருக்கப்பட்ட, தன் காலத்தில் அப்படியொன்றும் விசேஷமில்லாத ஒரு கேலக்ஸி. ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கென்னவோ இதுதான் இந்தத் துறையின் பெரிய அதிர்ஷ்டம் என்று படுகிறது. வெறும் தொலைநோக்கி தூரத்தில் தேடும்போது கண்ணில் படுபவை அசாதாரணமானவை மட்டுமே. எது பிரகாசமோ அதுதான் தெரியும். ஊரில் உள்ள மற்றவர்களை நமக்குக் காட்டுவது வில்லை.

மாக்ஸ் பெட்டினி குழுவினர் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியைச் சிபி58 பக்கம் திருப்பி, 2000-இலும் 2002-இலும் விரிவான நிறமாலைகளை வெளியிட்டார்கள். அந்த நிறமாலைகளில் உறிஞ்சல் கோடுகள், அதாவது ஒளி விழுங்கப்பட்ட இடங்களில் தெரியும் கறுப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் தனியாகப் படிக்கும்படி இருந்தன. கேலக்ஸியின் வாயுவில் பதிந்த கோடுகள் அதன் நட்சத்திரங்களின் கோடுகளைவிட நீலப் பக்கம் தள்ளி இருந்தன. அதாவது வாயு நம்மை நோக்கி, கேலக்ஸியை விட்டு வெளியே, விநாடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரமாக மாறும் வாயு எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே அளவு வாயு வெளியே தள்ளப்படுகிறது.

அடுத்தது தனிமங்கள். ஆக்ஸிஜன், மெக்னீசியம், சிலிக்கான், சல்பர் ஆகியவை சூரியனில் உள்ள விகிதத்தில் ஐந்தில் இரண்டு பங்கை எட்டிவிட்டன. ஆனால் நைட்ரஜனும் இரும்பு வகைத் தனிமங்களும் பின்தங்கிக் கிடந்தன. இந்தப் பொருத்தமின்மைதான் துப்பு. ஆக்ஸிஜன் வகையறா பெரிய நட்சத்திரங்கள் வெடிக்கும்போது சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே வெளியே வந்துவிடும். நைட்ரஜனின் பெரும்பங்கு நடுத்தர எடை நட்சத்திரங்கள் முதிர்ந்த பிறகு வருவது. இரும்பின் கணிசமான பகுதி வெள்ளைக் குள்ளன்கள் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் மிச்சம்) வெடித்த பிறகு வருவது. இரண்டுக்கும் காலம் பிடிக்கும். ஆக, அந்தக் கேலக்ஸி தன் நட்சத்திரங்களில் பெரும்பகுதியை முந்தைய 30 கோடி ஆண்டுகளுக்குள் அவசர அவசரமாக உருவாக்கியிருக்கிறது. நடந்துகொண்டிருந்த அவசரத்தை, 1,100 கோடி ஆண்டு கழித்து, கோடுகளின் ஆழத்தை வைத்துச் சொல்ல முடிகிறது. வில்லை இல்லாமல் இப்படி ஒரு நிறமாலை எடுக்க அன்று எந்தத் தொலைநோக்கிக்கும் வழி இருக்கவில்லை.

அப்புறம், கட்டிகள் விவகாரம். பழங்காலக் கேலக்ஸிகளின் படங்களில் அங்கங்கே பெரிய ஒளித்திட்டுகள் தெரிவது வழக்கம். ஒவ்வொன்றும் 3,000 ஒளியாண்டு அகலம், சூரியனைப் போல 10 கோடி மடங்குக்கும் மேல் எடை. இன்றைய கேலக்ஸிகளில் இப்படி எதுவும் இல்லை. அந்தக் காலக் கேலக்ஸிகளின் தட்டுகளில் வாயு அதிகம், அதனால் அவை நிலைகுலைந்து பெரும் கட்டிகளாக உடைந்தன என்று ஒரு விளக்கமும் தயாராக இருந்தது. விளக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 3,000 ஒளியாண்டு என்ற எண்ணை, மேலே சொன்ன 2,700-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொலைநோக்கியின் கூர்மை எங்கே முடிகிறதோ, கட்டிகளின் அளவும் சரியாக அங்கேயே முடிகிறது. இது சந்தேகப்பட வேண்டிய பொருத்தம்.

2017-இல் 1,100 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு கேலக்ஸியை வில்லை வழியாக ஆராய்ந்தார்கள். பெருக்கம் சுமார் 30 மடங்கு. வில்லாக வளைந்திருந்த பிம்பத்தைக் கணினியில் நிமிர்த்தி எடுத்தார்கள். தெரிந்த நட்சத்திரப் பிறப்பிடங்களின் அகலம் வெறும் 200 முதல் 300 ஒளியாண்டு. இதோடு விட்டிருந்தால் இன்னொரு தகவல் என்று போயிருக்கும். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். இதே கேலக்ஸியை, வில்லை இல்லாமல், ஹப்பிள் நேராகப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கணித்துப் படம் உருவாக்கினார்கள். வந்தது வழவழப்பான, எந்த அம்சமும் இல்லாத ஒரு தட்டு. அத்தனை பிறப்பிடங்களும் கரைந்து காணாமல் போய்விட்டன. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, தூரத்துக் கேலக்ஸியைப் பற்றி யாராவது 'சீரான தட்டு' என்று எழுதினால் எனக்கு உடனே நம்பிக்கை வருவதில்லை.

'காஸ்மிக் ஸ்னேக்' என்ற பாம்பு வளைவில் ஜெனிவா குழுவினர் 2018-இல் காட்டியதும் இதே திசைதான். அங்கே ஒரே கேலக்ஸி இரண்டு விதமாகத் தெரிகிறது: ஒன்று பலமாக நீண்ட பிம்பம், மற்றது குறைவாகப் பெருகிய பிம்பம். குறைவாகப் பெருகியதில் சில பெரிய கட்டிகள். நீண்டதில் அவையே பல சிறியவையாகப் பிரிகின்றன. சோதனைக்கும் ஒப்பீட்டுக்கும் தேவையான இரண்டு படங்களை வானமே எடுத்துக் கொடுத்திருக்கிறது.

இதற்கெல்லாம் விலை உண்டு. நாம் வடிவமைக்காத வில்லை இது. இதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத கரும்பொருள். பிம்பத்தை நிமிர்த்த வேண்டுமென்றால் முதலில் வில்லையின் நிறை எங்கெங்கே எவ்வளவு என்று தெரிய வேண்டும். அது தெரிவதோ அதே பிம்பங்களை வைத்துத்தான். பல கேலக்ஸிகளின் பல பிம்பங்களும் ஒரே நிறைப் பரவலுக்குப் பொருந்தியாக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால் இது வட்டம் சுற்றும் வாதமாகிவிடாமல் தப்பிக்கிறது.

மிகப் பெரிய பெருக்கம் கிடைக்கும் இடங்கள்தான் மிகப் பெரிய தொல்லையும். வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பளிச்சென்று நெளியும் ஒளிக்கோடுகளைக் கவனித்திருப்பீர்கள். அலை வளைத்த ஒளி ஓரிடத்தில் குவிவதால் வருபவை அவை. கேலக்ஸிக் கொத்துக்கும் அப்படிப்பட்ட கோடுகள் உண்டு. பின்னால் உள்ள பொருள் அந்தக் கோட்டுக்கு நெருங்க நெருங்கப் பெருக்கம் தாறுமாறாக ஏறும். கோட்டின் இடத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தால் 20 மடங்கா 60 மடங்கா என்று சொல்ல முடியாமல் போகும். செயற்கையாக உருவாக்கிய கொத்துகளை, விடையைச் சொல்லாமல் பல குழுக்களிடம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பெருக்கம் 3 மடங்கு உள்ள இடத்தில் பிழை சுமார் 10 சதவீதம். 10 மடங்கு உள்ள இடத்தில் சுமார் 30 சதவீதம். அதற்கு மேலே போகப் போக நிலைமை எப்படி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்குகளுக்கு நிஜ வானத்திலேயே ஒரு தேர்வு வந்தது. 2014 நவம்பரில் ஒரு கொத்துக்குப் பின்னால் வெடித்த சூப்பர்நோவா நான்கு பிம்பங்களாகத் தெரிந்தது. வில்லை வழியாக வரும் காலத் தாமதத்தைக் கொண்டு பிரபஞ்ச விரிவை அளக்கலாம் என்று 1964-இலேயே சொன்ன ஷூர் ரெஃப்ஸ்டாலின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் தாய் கேலக்ஸிக்கு இன்னொரு பிம்பமும் இருந்தது; அந்தப் பாதை நீளம் என்பதால் ஒளி தாமதமாக வரும். எனவே அதே வெடிப்பு மறுபடியும் தெரியும் என்று பல குழுக்கள் இடமும் காலமும் குறித்து முன்கூட்டியே வெளியிட்டன. 2015 டிசம்பர் 11 அன்று எடுத்த ஹப்பிள் படத்தில் சொன்ன இடத்தில் அது இருந்தது. வெடித்து முடிந்த ஒன்று மறுபடி வெடிப்பதைக் காத்திருந்து பார்த்தார்கள். வில்லை மாதிரிகள் மீது எனக்கு மரியாதை வந்தது இதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் படித்துப் படித்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஈர்ப்பு, சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் ஒரே அளவுதான் வளைக்கும். அதனால் கேலக்ஸியின் நிறம், கோடுகளின் விகிதம், வாயுவின் வேகம் ஆகியவை பெருக்கம் எத்தனை மடங்கு என்பதைச் சார்ந்திருப்பதில்லை. சிபி58-இன் நைட்ரஜன் குறைவு, பெருக்கம் 20 என்றாலும் 40 என்றாலும் குறைவுதான். ஆகவே விகிதங்களை நம்பிப் படிக்கிறேன். 'இத்தனை சூரிய எடை', 'ஆண்டுக்கு இத்தனை நட்சத்திரம்' என்று வந்தால் பக்கத்தில் உள்ள பிழை எல்லையைத் தேடுகிறேன். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: கேலக்ஸியின் ஒரு பகுதி மட்டும் அதிகம் பெருகினால், அந்தப் பகுதியின் நிறமே மொத்தத்தின் நிறமாக வேஷம் போடும்.

தூசு மூடிய கேலக்ஸிகளைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தேடிப் பயனில்லை. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான அலைநீளங்களில் அவை பளிச்சென்று தெரியும். ஹெர்ஷல் விண்கலம் அப்படி வானத்தை அலசியபோது, 2010-இல் மிகப் பிரகாசமான 5 பொருள்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஐந்துமே வில்லை வழியாகப் பெருகியவை. சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி வந்த பிறகு, வில்லை வளையமாக வளைத்த இந்த வகைப் பிம்பங்களைக் கூர்மையாகப் பார்க்க முடிகிறது. பிரபஞ்சத்துக்கு 140 கோடி வயதுதான் ஆகியிருந்த காலத்து எஸ்பிடி0418-47 என்ற கேலக்ஸி கிட்டத்தட்ட முழு வளையமாகத் தெரிகிறது. 2020-இல் அதை நிமிர்த்திப் பார்த்தால், கொந்தளிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தது ஒழுங்காகச் சுழலும் தட்டாக இருந்தது. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியை வைத்தும் ஒரு முயற்சி நடந்தது. சுமார் 880 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு கேலக்ஸியின் ஹைட்ரஜன் வாயுவிலிருந்து வந்த 21 சென்டிமீட்டர் அலையை, வில்லை 30 மடங்கு பெருக்கித் தந்ததால் பிடிக்க முடிந்ததாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். நட்சத்திரம் செய்யும் கச்சாப் பொருளையே எடைபோடும் வேலை இது. இன்னும் நிறைய இப்படி வர வேண்டும்.

சன்பர்ஸ்ட் என்ற வில் வடிவப் பிம்பத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1,100 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு கேலக்ஸியின் ஒரே ஒரு இளம் நட்சத்திரக் கொத்து அதில் 12 முறை தெரிகிறது. ஹைட்ரஜனைச் சிதைக்கும் கடும் புற ஊதா ஒளி அதிலிருந்து வெளியே கசிவதை 2019-இல் உறுதி செய்தார்கள். பொதுவாகச் சுற்றியுள்ள வாயுவே விழுங்கிவிடும் ஒளி அது. பன்னிரண்டு பிம்பங்களிலும் கசிவு தெரிகிறது. அதே கேலக்ஸியின் மற்ற பகுதிகளில் இல்லை. ஆக வாயுத்திரையில் குறிப்பாக அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஆதிகாலத்தில் பிரபஞ்சம் முழுவதும் இருந்த ஹைட்ரஜனைச் சிதைத்தது யார் என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட ஓட்டைகள்தான் சாட்சி.

ஜேம்ஸ் வெப் விண் தொலைநோக்கி வந்த பிறகு கூர்மை இன்னொரு படி கூடிவிட்டது. 'காஸ்மிக் ஜெம்ஸ்' என்ற வில்லில், பிரபஞ்சம் பிறந்து 46 கோடி ஆண்டே ஆன காலத்து நட்சத்திரக் கொத்துகள் ஐந்தை 2024-இல் தனித்தனியாகக் கண்டார்கள். ஒவ்வொன்றின் அளவும் சில ஒளியாண்டுகள்தான். பந்து போல நெருக்கமாகத் திரண்ட பழைய நட்சத்திரக் கூட்டங்களான இன்றைய கோளக் கொத்துகளின் குழந்தைப் பருவம் இதுவாக இருக்கலாம். தனி நட்சத்திரம் என்று சொல்லப்பட்ட எரெண்டலுக்கு 2022-இல் கிடைத்த விளம்பரம் இதற்குக் கிடைக்கவில்லை. எரெண்டல் ஒற்றை நட்சத்திரமா, சிறு கொத்தா என்ற விவாதமே இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஐந்து கொத்துகள்தான் பெரிய செய்தி.

நான் மேலே 'சாதாரண கேலக்ஸிகள்' என்று அடித்துச் சொன்னதில் ஒரு பலவீனம் இருக்கிறது. வில்லை தற்செயலாகத்தான் தேர்ந்தெடுக்கிறது என்றாலும், சிறியதாக, செறிவாக இருப்பவற்றை அது கூடுதலாகப் பெருக்கும். நாமும் பெருகியவற்றைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறோம். விரல் விட்டு எண்ணும் அளவு கேலக்ஸிகளை வைத்து ஒரு காலத்தின் சராசரியைச் சொல்வது கஷ்டம். 2023 ஜூலையில் கிளம்பிய யூக்ளிட் விண்கலம் இந்த நிலையை மாற்றக்கூடும். 2025 மார்ச்சில் வெளியான அதன் முதல் தரவில், 63 சதுர பாகை வானத்தில் மட்டுமே 500 வில்லைகள் போலத் தென்பட்டவை இருந்தன. இயந்திரக் கற்றல் வடிகட்டியதைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கண்ணால் சரிபார்த்தார்கள். முழு ஆய்வும் முடியும்போது இது ஒரு லட்சத்தை எட்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதில் எத்தனைக்கு நிறமாலை எடுக்கத் தொலைநோக்கி நேரம் கிடைக்கும் என்பதுதான் இனி இழுபறியாக இருக்கப் போகிறது. தூரம் தெரியாத வில்லை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து எதையும் எடைபோட முடியாது.